அடைப்புக்குறிக்குள் ஒரு குரல்

கதவு சாத்தும் சத்தத்துக்கு ஆங்கிலத்தில் எத்தனை வார்த்தை என்று யாராவது என்னிடம் கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். மெல்லச் சாத்தினால் ஒன்று, அறைந்து சாத்தினால் ஒன்று, தாழ்ப்பாள் விழுந்தால் ஒன்று, கீல் முனகினால் இன்னொன்று. அதுதான் என் பிழைப்பு. காது கேளாதவர்களுக்காகப் படங்களின் அடியில் எழுத்து ஓடுமே, வசனத்துக்கு நடுவே அடைப்புக்குறிக்குள் கதவு கிறீச்சிடுகிறது, தூரத்தில் நாய் குரைக்கிறது என்றெல்லாம் வருமே, அதை ஆங்கிலத்தில் எழுதுகிறவள் நான். தமிழ்ப் படங்களும் தொடர்களும் வெளிநாட்டுக்குப் போகும்போது வசனத்தை வேறொருவர் மொழிபெயர்த்துவிடுவார். வசனம் இல்லாத மிச்சமெல்லாம் என் தலையில் விழும். வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யாரோ ஒரு கதாநாயகன் பெருமூச்சு விடுவதற்காக நான் காத்துக் கிடப்பேன்.

சேர்ந்த புதிதில் எனக்கு ஆங்கிலத்தின் மேல் கோபம் கோபமாக வந்தது. நம் ஊரில் ஒருவர் கிணற்றில் விழுந்தால் தொபுக்கடீரென்று விழுவார். அவர் கால் வழுக்கியது, தண்ணீர் எழும்பியது, பார்த்தவர்கள் வாய் பிளந்தது எல்லாமே அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கும். ஆங்கிலத்தில் வெறும் 'ஸ்பிளாஷ்'. விழுந்தது ஆளா வாளியா என்றுகூடத் தெரியாது. நமக்கு எதையும் இரண்டு முறை சொன்னால்தான் மனசு ஆறும். இலை சலசலக்க வேண்டும், வண்டி கடகடக்க வேண்டும். அவர்களோ கஞ்சத்தனமாக ஒரு தடவை சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். இதையெல்லாம் என் மேலாளரிடம் ஒருமுறை எழுதிக் கேட்டேன். 'சத்தத்தை எழுதாதீர்கள், சத்தத்தைப் பற்றி எழுதுங்கள்' என்று பதில் வந்தது. நல்ல யோசனைதான். பசிக்கிறவனுக்குச் சோற்றைப் பற்றி எழுதிக் கொடுக்கச் சொன்ன கதை.

போகப் போகப் பழகிவிட்டது. சில வார்த்தைகளைப் பிடிக்கவும் தொடங்கியது. மூட்டை விழுந்தால் 'தட்'. சொல்லி முடிக்கும்போது நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும், அதற்குப் பிறகு எதிரொலி கிடையாது. தோசைக்கல்லுக்கு 'சிஸில்', பாம்புக்கு 'ஹிஸ்', எழுதும்போதே மூச்சு கசியும். ஆனால் சத்தத்தை எழுதப்போகிற இடத்தில் சத்தமே இல்லாத எழுத்துகளை ஏன் போட்டுவைத்தார்கள் என்பதுதான் கடைசி வரை விளங்கவில்லை. கதவு தட்டும் 'நாக்'குக்கு முன்னால் ஒரு கே சும்மா நிற்கும். பெருமூச்சைக் குறிக்கும் 'சை'யின் முடிவில் ஜியும் ஹெச்சும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும்.

அந்த எழுத்துகளின் மேல் என் மகளுக்கு மட்டும் தனிப் பிரியம். 'அதுக பேசாட்டியும் எடத்த விட்டுப் போகாதும்மா' என்று சொல்வாள். சொல்வாள் என்றால் உதட்டை அசைப்பாள். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கருவி மாட்டிப் பார்த்தோம், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. எதிரில் இருப்பவரின் உதட்டைப் படித்துப் பேச்சைப் புரிந்துகொள்வாள். மிச்சத்துக்குக் கை இருக்கிறது.

உலகத்தில் என்னென்ன சத்தம் இருக்கிறது என்பதை அவள் என் கம்ப்யூட்டர் திரையிலிருந்துதான் தெரிந்துகொண்டாள். சின்ன வயதில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அடைப்புக்குறிக்குள் நான் எழுதுவதை ஒவ்வொன்றாகக் கேட்பாள். மழைக்குச் சத்தம் உண்டு என்று அறிந்தபோது ஆச்சரியப்படவில்லை. வெயிலுக்குச் சத்தம் கிடையாது என்று சொன்னபோதுதான் என்னை நம்ப மறுத்தாள். அவனியாபுரம் ரோட்டில் மதிய வெயில் அந்த அடி அடிக்கிறது, அதற்குச் சத்தம் இல்லையென்றால் எப்படி? நிலா எழும்புவதற்கும் கண்ணீர் கன்னத்தில் வழிவதற்கும்கூட ஏதோ ஒரு சத்தம் இருக்கிறதென்றும், நான் சோம்பேறித்தனத்தால் எழுதாமல் விடுகிறேன் என்றும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

என் கணவருக்கு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பைக் உதிரிபாகக் கடை. பஸ்களின் ஹாரனையும் கண்டக்டர்களின் கூப்பாட்டையும் மீறி எதிர்வரிசை டீக்கடைக்குக் குரல் கொடுக்க வேண்டிய இடம். கல்யாணமான புதிதில் அவர் வீட்டுக்குள் சாதாரணமாகப் பேசினாலே பாத்திரம் அதிரும். மகளுக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்த பிறகு, பயிற்சி கொடுக்க வந்த ஒரு டீச்சர் எங்களிடம், முகத்தைப் பார்த்து உதட்டைத் தெளிவாக அசைத்துப் பேசச் சொன்னார். இவர் அதை எப்படி எடுத்துக்கொண்டாரோ, அன்றிலிருந்து மகளிடம் குரலே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசத் தொடங்கிவிட்டார். அப்படிச் செய்யக் கூடாது, குரல் கொடுத்துத்தான் பேச வேண்டும் என்று அந்த டீச்சர் பிறகு எத்தனையோ முறை சொன்னார். இவர் பவ்வியமாகத் தலையை ஆட்டிவிட்டு, அவர் படியிறங்கியதும் பழையபடி வாயை மட்டும் அசைப்பார்.

நான் சண்டைக்குப் போனபோது ஒரே பதில்தான் வந்தது.

"கேக்காத பிள்ள முன்னால சத்தம் போட்டுப் பேசுனா, அத கேலி பண்ற மாதிரில்ல இருக்கு. அதுக்கு இல்லாதது எனக்கு மட்டும் எதுக்குடி?"

இப்படிக் கோணலாக அன்பு வைக்கிற மனுஷனை என்ன செய்வது? கொஞ்ச நாளில் அந்தப் பழக்கம் எனக்கும் தொற்றிக்கொண்டது. பிற்பாடு மகளும் சேர்ந்துகொள்ள, மூன்று பேரும் உதட்டை அசைத்தே பேசுகிற வீடாக எங்கள் வீடு ஆகிப்போனது. நானும் அவரும் தனியாக இருக்கும்போதுகூட அப்படித்தான். எங்கள் சண்டையெல்லாம் சத்தமே இல்லாமல் நடக்கும். அவர் வாயைத் திறந்து திறந்து மூடுவார், நானும் திறந்து மூடுவேன். கோபம் தலைக்கேறினால் குக்கர் மூடியைத் தூக்கி மேடையில் போடுவேன், எனக்காவது கேட்கட்டும் என்று. எதிர் வீட்டு அம்மா ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என்னத்தா, வீட்டுல பேச்சுவார்த்தையே இல்லையா? பஞ்சாயத்துப் பேச ஆள் கூட்டியாரவா?" என்று கேட்டார்.

மகளுக்குச் சின்ன வயதில் குரல் இருந்தது. தொண்டையிலிருந்து தாறுமாறாக வரும், ஆனால் வரும். நாலாவதோ ஐந்தாவதோ படிக்கும்போது தெருவில் விளையாடப் போன இடத்தில் பிள்ளைகள் அவள் கத்துவதைப் போலச் செய்து காட்டிச் சிரித்திருக்கிறார்கள். அவளுக்குச் சத்தம் கேட்கவில்லை, சிரித்த முகங்கள் தெரிந்தன. அன்றைக்கு அடைத்துக்கொண்ட தொண்டைதான். அப்பாவைப் போலவே உதட்டை மட்டும் அசைக்க ஆரம்பித்தாள். அழுதால்கூட மூச்சுதான் வரும்.

போன வருடம் ஆவணியில், கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த என் கணவர் எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பு இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தொடர்ந்து வந்துகொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றுபோனால், நின்றுவிட்டது என்று எழுத வேண்டும். எதுவும் எழுதாமல் விட்டால், படம் பார்க்கிறவர் சத்தம் இன்னும் இருக்கிறதென்று நினைத்துக்கொள்வார். அவர் இருந்தபோதும் எங்கள் வீட்டில் சத்தமில்லை, போன பிறகும் சத்தமில்லை. அதனால்தானோ என்னவோ, எங்கள் வீட்டில் எதுவும் நின்றுபோன மாதிரியே தெரியவில்லை.

அவர் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வருவார். பைக் சந்து திரும்பும், ஸ்டாண்டு விழும், கேட்டின் கொண்டி தூக்கப்படும், அதற்குப் பிறகு ஒரு செருமல். தொண்டையைச் செருமுவது எனக்காக, நான் வந்துவிட்டேன் என்பதற்காக. எங்கள் வீட்டில் அவர் குரலிலிருந்து எனக்கென்று கிடைத்தது அந்த ஒரு செருமல்தான். அவர் போன பிறகும் அந்த நேரம் வந்தால் எனக்கு எல்லாம் வரிசையாகக் கேட்டது. ஸ்டாண்டு, கொண்டி, செருமல். முதலில் இரண்டு மூன்று முறை எழுந்து போய்ப் பார்த்தேன். சந்தில் யாரோ வீட்டுப் பிள்ளை டியூஷன் முடிந்து போய்க்கொண்டிருக்கும். நாள் முழுக்கச் சத்தம் கேட்டுக் கேட்டே பிழைக்கிறவளுக்குக் காது இப்படி ஏமாற்றத்தான் செய்யும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மகள் அப்போது கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு விடுதியிலிருந்து வீட்டோடு வந்திருந்தாள். ஒரு சாயங்காலம் அவள் கூடத்தில் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கொண்டிச் சத்தம் கேட்டது. நான் தலையை நிமிர்த்தவில்லை, நிமிர்த்தக் கூடாதென்று பிடிவாதமாகத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அவள் எழுந்தாள். மடியிலிருந்த கீரைக் காம்பைத் தட்டிவிட்டு நேராக வாசலுக்குப் போய்க் கேட்டைத் திறந்தாள். கொஞ்ச நேரம் சந்துப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"யாரு?" என்று கேட்டேன்.

"யாருமில்ல. தரை அதிர்ந்துச்சு. வண்டி ஏறுன மாதிரி இருந்துச்சு" என்று உதட்டை அசைத்துவிட்டு மறுபடி கீரையை எடுத்தாள்.

மடித்த துணியை உதறி மறுபடி மடித்தேன். எனக்குக் கேட்டதை அவளிடம் நான் சொன்னதே இல்லை. பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அன்றிலிருந்து சாயங்காலமானால் பயம் வந்தது. அவர் வருகிறாரோ என்ற பயமில்லை அது. ஒருநாள் வராமல் போய்விடுவாரோ என்ற பயம். விளக்கு வைத்துவிட்டு இருவரும் கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் காத்திருப்போம், காத்திருப்பதாக ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளாமல்.

இந்த வருடம் ஆடி முடியும்போது மகள் ஒரு யோசனையோடு வந்தாள். அப்பாவின் முதல் வருடத்துப் படையல் கீழக்குயில்குடியில் அவளுடைய அத்தை வீட்டில் நடப்பதாக இருந்தது. அத்தை என்றால் அவருடைய அக்கா, என் நாத்தனார். வருகிற சொந்தக்காரர்களுக்குக் காட்ட, அப்பாவின் வீடியோக்களைச் சேர்த்து ஒரு சின்னப் படம் செய்யப்போவதாகச் சொன்னாள். அவள் விடுதியில் இருந்த காலம் முழுக்க அவர் கடையிலிருந்து வந்ததும் மொட்டைமாடிக்குப் போய், போனைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்து, அவளோடு பேசுவதை வீடியோ எடுத்து அனுப்புவார். எல்லாவற்றையும் அவள் பத்திரமாக வைத்திருந்தாள்.

"நான் ஒட்டித் தாரேன். நீ சத்தம் மட்டும் எழுதிக் குடும்மா, மத்த படத்துக்கெல்லாம் எழுதுறேல்ல, அதே மாதிரி."

"எழுதிட்டாப் போச்சு."

"அப்பா கொரலு எப்படி இருக்கும்னு அதுல போடு. மொதத் தடவ பேசும்போது அடைப்புக்குறிக்குள்ள போடுவியே, கரகரப்பான கொரலு, மெல்லிய கொரலுன்னு. அப்பாவுக்கு இங்கிலீஷ்ல என்ன வார்த்தைன்னு எனக்குத் தெரியணும். எம்புட்டுப் பேருக்கு எழுதியிருக்க, எங்கப்பாவுக்கு ஒண்ணு எழுத மாட்டியா?"

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். இருபது வருடம் அப்பாவோடு இருந்தும் அவளுக்குக் கிடைக்காத ஒரே பொருளை அவள் கேட்கிறாள், அது என்னிடம் இருக்கிறது என்று முழுசாக நம்பிக் கேட்கிறாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

மறுநாள் காலை மாடி அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் வீடியோவை ஓட்டினேன். மொட்டைமாடி, சாயங்கால வெளிச்சம், சட்டைப் பையில் டெஸ்டர் செருகிய என் வீட்டுக்காரர். வாயைத் திறந்தார். எனக்குக் காக்கா கத்துவது கேட்டது. பக்கத்து வீட்டு மிக்ஸி கேட்டது. ஏர்போர்ட்டில் இறங்கப்போகிற விமானம் தலைக்கு மேல் போனது. அவர் சிரித்துக்கொண்டே மேலே கையைக் காட்டி, பிளேன் போவதைப் பார் என்கிறார். உதடு தெளிவாக அசைகிறது, குரல் இல்லை. அடுத்த வீடியோவிலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. உதடு ஒட்டிப் பிரிகிற 'ப்ச்' என்கிற ஈரச் சத்தமும் மூச்சும் மட்டும் கிடைத்தன. மகளோடு எப்படிப் பேசுவாரோ அப்படியே பேசியிருக்கிறார். காலையிலிருந்து மத்தியானம் வரை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிரஷர் குக்கர் உண்டு, கோயில் ஸ்பீக்கர் உண்டு, நான் கீழே படியில் எதையோ போட்டு உடைத்தது உண்டு. அந்த மனுஷனின் குரல் ஓரிடத்திலும் இல்லை.

அப்போதும் நான் கலங்கவில்லை. வீடியோவில் இல்லாவிட்டால் என்ன, ஞாபகத்திலிருந்து எழுதிவிடலாம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அங்கேயும் எதுவும் இல்லை.

அதை எப்படிச் சொல்வது? வார்த்தைகள் வந்தன. கம்மிய குரலுக்கு 'ஹஸ்கி' வந்தது, முரட்டுக் குரலுக்கு 'கிரஃப்' வந்தது, முழங்குகிற குரலுக்கு 'பூமிங்' வந்தது. ஒவ்வொன்றும் நான் யாரோ ஒரு நடிகனுக்கு எழுதிய வார்த்தை. எதைப் போட்டாலும் அந்த நடிகனின் குரல்தான் என் கணவரின் வாயிலிருந்து வந்தது. சாயங்காலம் கேட்கிற செருமலையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். எனக்கு இத்தனை மாதமாகக் கேட்டது செருமலா, அல்லது செருமல் என்ற வார்த்தையா என்று சந்தேகம் வந்துவிட்டது. அன்று சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஸ்டாண்டு விழவில்லை, கொண்டி தூக்கவில்லை. மகளும் தலையைத் தூக்கவில்லை. அவர் இறந்த அன்றைக்குக்கூட எனக்கு அப்படியொரு அநாதரவு தோன்றியதில்லை.

அடுத்த நாள் ஆரப்பாளையத்துக்குப் பஸ் ஏறினேன். கடையை இப்போது அவரோடு தொழில் செய்தவர் பார்த்துக்கொள்கிறார். என் வீட்டுக்காரரை விட இளையவர். அவர் இவரை அண்ணே என்பார், இவர் அவரை மாப்ள என்பார், என்ன முறையோ. என்னைக் கண்டதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். கேட்க வந்ததைக் கேட்டேன்.

"அண்ணே கொரலா மதினி? பஸ் ஸ்டாண்டு பூராம் கேக்குமே! ரெக்கார்டு எதுக்குப் பண்ணப் போறோம், பக்கத்துலயே இருக்கிற மனுசன..." பேச்சை முடிக்காமல் கடைக்குள் மேலே மாட்டியிருந்த கேமராவைப் பார்த்தார். "அதுல அண்ணே இருப்பாக. ஆனா படம் மட்டுந்தேன் விழுகும், சத்தம் வராது."

நான் எழுந்திருக்கப் போனேன். அவருக்கு மனசு கேட்கவில்லை போல. "இருங்க மதினி, எப்படிக் கூப்புடுவாகன்னு காட்டுறேன்" என்று கடை வாசலுக்குப் போய், இடுப்பில் கையை ஊன்றி, எதிர்ப்பக்கம் பார்த்து, "மாப்ளேய், ரெண்டு டீ!" என்று கத்தினார். டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர் "அப்படியே அண்ணாச்சிதான்டா" என்றார். கத்தியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், சரியாக இருக்கிறதா என்று கேட்பது போல. எனக்குத் தெரியவில்லை. அதுதான் கொடுமை. அது அவருடைய குரல் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்திய ஆளின் குரலை அடுத்தவர் வாயில் கேட்டுவிட்டு, சரிதானா என்று தெரியாமல் முழிக்கிறேன். டீ வந்தது. குடிக்காமல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மகளிடம் எதையும் சொல்லவில்லை. காக்கா, மிக்ஸி, விமானம் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிக் கொடுத்தேன். அவர் வாயைத் திறக்கிற இடத்தில் மட்டும் அடைப்புக்குறியைப் போட்டு உள்ளே ஒன்றும் எழுதாமல் விட்டேன். "இன்னும் யோசிக்கணும்" என்றேன். "அம்புட்டு நல்ல கொரலா?" என்று கேட்டு அவள் சிரித்தாள். படையலுக்கு முந்தின நாள் வரைக்கும் அந்த இடம் காலியாகவே இருந்தது.

கீழக்குயில்குடியில் என் நாத்தனார் வீடு சமணர் மலையைப் பார்த்தபடி இருக்கும். மலைக்கு அந்தப் பக்கம் சமணத் துறவிகளின் கல் படுக்கைகள் பார்க்க ஆட்கள் வருவார்கள், இந்தப் பக்கம் தோட்டம்தான். காலையிலிருந்து அடுப்பெரிந்தது. அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு, முட்டை, அதிரசம் எல்லாம் இலையில் வைத்து, புது வேட்டி சட்டை மடித்து வைத்து, அவர் படத்துக்கு மாலை போட்டுச் சாம்பிராணி காட்டினார்கள். பிறகு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. போனவர் வந்து சாப்பிடுவதற்குக் கொஞ்ச நேரம் விட வேண்டும். அந்த நேரத்தில் வெளியே யாரும் பேசக் கூடாது. உள்ளே பல்லி உச்சுக்கொட்டினாலோ, தம்ளர் அசைந்தாலோ, வந்துவிட்டார் என்று கணக்கு. அதற்குப் பிறகும் சட்டென்று திறக்க மாட்டார்கள். கதவைத் தட்டி, சாப்பிட்டவருக்கு எழுந்து போக அவகாசம் கொடுத்துத்தான் திறப்பார்கள்.

வாசலில் இருந்த அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நானும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். தோட்டத்தில் பம்புசெட் ஓடியது. மலைப்பக்கம் மயில் அகவியது. அடுப்பில் மிச்ச விறகு வெடித்தது. உள்ளே எதுவும் இல்லை. நாத்தனார் என் முழங்கையைத் தொட்டு, ஏதாவது கேட்டதா என்று கண்ணாலேயே கேட்டார். எனக்குக் கூர்மையான காது என்று அவருக்கு ஓர் எண்ணம். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. அவர் கண் நிறைந்துவிட்டது.

மகள் அதைப் பார்த்துவிட்டாள். என் பக்கம் திரும்பி, "வரலியா?" என்று உதட்டை அசைத்தாள். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கதவில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்தாள். கன்னத்தையும் வைத்தாள். மரம் அதிர்கிறதா என்று அவள் பார்க்கிறாள் என்பது எனக்கு மட்டும் புரிந்தது. வெகுநேரம் அப்படியே நின்றாள். பிறகு முகத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, வாயைத் திறந்து கூப்பிட்டாள்.

"ப்பா!"

காதில் விழுந்தது என்னவென்று புரிவதற்குள் என் கால்கள் இரண்டடி முன்னால் போயிருந்தன. அவருடைய குரல். தொடங்கும்போது ஒரு கனைப்புப் போல உடைந்து, பிறகு நெஞ்சிலிருந்து அகலமாகத் திறந்து, முடிகிற இடத்தில் இழுக்காமல் வெட்டி நிற்கிற அந்தக் குரல். பெண் தொண்டையிலிருந்து வந்ததால் உயரம் மட்டும் கொஞ்சம் கூட, மற்றபடி அவரேதான். யாரிடமும் கேட்டுப் பழகிய குரல் இல்லை அது. அவள் ஒரு குரலையும் கேட்டதில்லை. அவர் கொடுத்தது அப்படியே பத்து வருடமாக உள்ளே கிடந்திருக்கிறது. ஆரப்பாளையத்தில் அவரோடு தொழில் செய்தவர் கத்திக் காட்டியது தப்பு, அதில் சத்தம் மட்டும்தான் இருந்தது என்று எனக்கு அந்த நிமிடத்தில் தெரிந்தது.

"ஆத்தீ..." நாத்தனார் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "எந் தம்பிடி. எந் தம்பி கொரலுடி இது."

மகள் திரும்பினாள். எல்லோருடைய முகத்தையும் பார்த்ததும் அவளுக்குப் பழைய பயம் வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணால் என்னிடம் கேட்டாள், அசிங்கமாகக் கத்திவிட்டேனா என்று. நான் போய் அந்தக் கையை வாயிலிருந்து எடுத்தேன். எடுத்து அவளுடைய தொண்டையிலேயே பதித்து, மேலே என் கையை வைத்து அழுத்திக்கொண்டேன்.

"கூப்புடு" என்றேன். உதட்டால் மட்டும் சொல்லவில்லை, குரல் விட்டே சொன்னேன்.

"எதுக்கு?"

"உங்கப்பா கொரலு எப்படி இருக்கும்னு கேட்டேல்ல. இதுதேன். கூப்புட்டுப் பாரு."

அவள் என்னையே பார்த்தாள். முதலில் காற்றுதான் வந்தது. அப்புறம் கூப்பிட்டாள். எங்கள் இரண்டு பேருடைய விரல்களுக்கும் அடியில் தொண்டை அதிர்ந்தது. அவள் கண் விரிந்தது. இன்னொரு கையையும் கொண்டுவந்து தொண்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடி கூப்பிட்டாள், மறுபடியும் கூப்பிட்டாள்.

நேரமாகிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். கதவைத் தட்டுவதற்காகக் கையை ஓங்கிய நாத்தனார், தட்டாமல் இறக்கிக்கொண்டார்.

"செத்த இருங்க" என்றார். "பிள்ள கூப்புடுறத அவென் கேட்டே எம்புட்டு வருசமாச்சு. கேட்டுட்டுப் போகட்டும்."